கூழ்ப் பானையிலா, குளிசைப் போத்தலிலா?

மகனீசியமும் புற்றுநோயும் பற்றி இல்லத்தார் அறிய வேண்டியவை

தைப்பொங்கல் நாளன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே நடைபெறும் பட்டத் திருவிழாவைக் காணச் சென்றிருந்தோம். வானத்தை நிறைத்து நின்ற பட்டங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோவெடுத்த பின்னர், எமக்குப் பழக்கமான வீடொன்றிலே சிறிது இளைப்பாறப் புகுந்தோம். புக்கையும் வாழைப்பழமும் தந்து உபசரித்த வீட்டு அம்மையார், உள்ளே சென்று வெள்ளைப் போத்தல் ஒன்றைக் கொணர்ந்து எம் முன்னே வைத்தார்.

"மகன் கனடாவிலையிருந்து அனுப்பினவன். மகனீசியக் குளிசையாம். இதைப் போட்டால் புற்றுநோய் கிட்ட வராதாம். எங்கடை அண்ணைக்கு இப்ப குடலிலை அந்த வருத்தம், மருந்து ஏத்திக்கொண்டிருக்கினம். அவருக்கும் இதைக் குடுக்கலாமோ? நீங்கள் நாலு புத்தகம் பார்க்கிற ஆக்கள், சொல்லுங்கோ" என்றார்.

கேள்வி சிறிது; அதன் பின்னே நின்ற கவலை பெரிது. தமையனைக் காப்பாற்ற வேண்டுமென்ற தங்கையின் தவிப்பும், கடல் கடந்து வாழும் மகனின் அன்பும் அந்தப் போத்தலுக்குள் அடங்கியிருந்தன. அறியாததை அறிந்தவர்போற் கூறுதல் அவ்விடத்தே பெரும் பிழையாகும். ஆகவே, "சிகிச்சை செய்யும் வைத்தியரிடம் கேட்கும்வரை இதைத் திறவாதீர்கள்" என்று மாத்திரம் சொல்லி மீண்டோம். பின்னர் இப்பொருள் பற்றி நாம் படித்தறிந்தவற்றை அந்த அம்மையாருக்கு மட்டுமன்றி, அவரைப்போல் போத்தலும் கையுமாக நிற்கும் எல்லா இல்லத்தாருக்கும் உதவும் என்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

மகனீசியம் என்பது யாது?

பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் புதிதன்று. எமது பாட்டன்மார் வயிறு கழியக் குடித்த பேதியுப்பு, மகனீசியம் சேர்ந்த ஓர் உப்பே. இங்கிலாந்திலே எப்சம் என்னும் ஊரின் கைப்பு நீரிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டமையால் அதற்கு 'எப்சம் உப்பு' என்ற பெயரும் உண்டு. 1755ஆம் ஆண்டில் யோசேப்பு பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் மகனீசியத்தைச் சுண்ணாம்பினின்றும் வேறானதென உணர்த்தினார். 1808ஆம் ஆண்டில் அம்பிறி டேவி அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

கடல் நீரிலே ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் மகனீசியம் கரைந்திருக்கின்றது. இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஓர் அணு மகனீசியம் வீற்றிருக்கின்றது. ஆகையால் கீரையைக் கடைந்து உண்பவர் அறிந்தோ அறியாமலோ மகனீசியத்தை உண்கின்றார்.

வளர்ந்த மனிதரின் உடம்பிலே சுமார் 25 கிராம் மகனீசியம் உண்டு. அதிற் பாதிக்கு மேல் எலும்புகளிலும் எஞ்சியதிற் பெரும்பகுதி தசை முதலிய மெல்லிய உறுப்புகளிலும் தங்கியிருக்கும். குருதியிலே ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உடம்பின் சேமிப்புக் குறைந்துகொண்டு போகும்போதுங்கூடக் குருதிச் சோதனை சரியான அளவைக் காட்டக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

உடம்பின் 300க்கு மேற்பட்ட நொதியங்கள் தத்தம் தொழிலைச் செய்வதற்கு மகனீசியத்தின் துணையை வேண்டி நிற்கின்றன. அவற்றுள் எமது பொருளுக்கு நெருங்கியவை, பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டீ.என்.ஏ. இழையைப் படியெடுப்பனவும், அதிலே பழுது நேர்ந்தாற் செப்பனிடுவனவும் ஆகும். கலம் ஒன்று இரண்டாகும்போது இந்த இழை முழுவதும் பிழையின்றிப் பிரதி செய்யப்பட வேண்டும். திருந்தாத பிழைகள் பல நாட்பட ஒன்றுசேரும்போதே புற்றுநோய் பிறக்கின்றது. இன்சுலின் செவ்வனே வேலை செய்வதற்கும் மகனீசியம் வேண்டும். குருதியில் இன்சுலின் மிகுந்திருத்தலும் உடம்பில் ஓயாத அழற்சி இருத்தலும் குடற் புற்றுநோய்க்கு இடங்கொடுப்பவை என்று அறிஞர் கருதுகின்றனர். மகனீசியக் குறைவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்னும் எண்ணம் இவ்வாறு எழுந்தது.

ஒரு பழைய நம்பிக்கை

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1915ஆம் ஆண்டளவில், பியர் டெல்பே என்னும் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் போர்வீரரின் புண்களைக் கழுவுவதற்கு மகனீசியம் குளோரைட்டைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் அவர் மகனீசியம் புற்றுநோயைத் தடுக்குமென்று உறுதியாக நம்பி அதனைப் பரப்பலானார். எகிப்து நாட்டிலே புற்றுநோய் குறைவென்றும், அந்நாட்டு மக்களின் உணவிலும் நீரிலும் மகனீசியம் மிகுந்திருப்பதே காரணமென்றும் 1930களிலே சிலர் எழுதினர்.

கேட்பதற்கு இனிய செய்தியே. ஆயினும் ஒரு நாட்டிலே நோய் குறைவாகக் காணப்படுவதற்குப் பல காரணங்கள் உண்டு. முதுமை எய்துமுன்னரே மக்கள் வேறு நோய்களால் இறந்துபோனால், முதுமையில் வரும் நோய் அங்கே குறைவாகத்தான் இருக்கும். வைத்தியரும் ஆய்வுகூடமும் அரிதாயுள்ள நாட்டிலே வந்த நோயும் பெயர் தெரியாமற் போய்விடும். நாட்டோடு நாட்டை ஒப்பிட்டு நோயின் காரணத்தை முடிவு செய்தல், வீட்டின் கூரையைப் பார்த்து உள்ளே சமைத்த கறியைச் சொல்வதற்கு ஒப்பாகும். மனிதரைத் தனித்தனியே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து அறிவதே சிறந்த வழி. அவ்வாறு செய்யப்பட்ட ஆராய்ச்சிகளை இனிப் பார்ப்போம்.

ஆராய்ச்சிகள் கூறுவன

சுவீடன் நாட்டிலே 61,433 பெண்களின் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து, சராசரி 14.8 ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தனர். அம்முடிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்துள் 805 பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் தோன்றியது. நாளொன்றுக்கு 255 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மகனீசியம் உண்டவர்களுக்கு, 209 மில்லிகிராமிலும் குறைய உண்டவர்களைவிட, இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது அளவு குறைவாய் இருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே 35,196 பெண்களை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் பெருங்குடற் புற்றுநோயில் இதையொத்த, ஆனாற் சற்றுச் சிறிய, குறைவைக் கண்டது.

பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணித்தோர், உணவிலே மகனீசியம் 100 மில்லிகிராம் கூடுந்தோறும் குடற் புற்றுநோயின் வாய்ப்பு நூற்றுக்குப் 12 அளவு குறைகின்றதென 2012இல் எழுதினர். கணையத்தையும் விட்டார்களில்லை. அமெரிக்காவிலே 66,806 பேரை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த முடிவு, நாளுணவில் 100 மில்லிகிராம் குறையுந்தோறும் கணையப் புற்றுநோயின் வாய்ப்பு நூற்றுக்கு 24 அளவு கூடியதாகக் காட்டிற்று. எனினும் அவ்வளவு பேருள்ளும் அந்நோய் கண்டவர் 151 பேரே; சிறு தொகையை வைத்துப் பெரிய முடிவு சொல்லலாகாது.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நேர்மையாகும். யப்பானிலே எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, ஆண்களிடத்தே நன்மை தோன்றியது, பெண்களிடத்தே தோன்றவில்லை. நெதர்லாந்து ஆராய்ச்சியொன்று 2007இல் வெளிவந்தது. அதிலே எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. உடற்பருமன் மிகுந்தோரிடத்தே மாத்திரம் நன்மை தென்பட்டது. 2007இலேயே அமெரிக்காவின் தென்னசி மாநிலத்து ஆராய்ச்சி, மகனீசியத்தின் அளவு மட்டுமன்றி, அதற்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதமும், அவரவர் பிறப்பொடு வந்த மரபணு வேறுபாடும் விளைவை மாற்றுமெனக் காட்டியது. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாதிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

இன்னுமொரு செய்தி உண்டு. சுவீடனில் 61,433 பேருள் நோயுற்றவர் 805 பேரென்றோம். அஃதாவது ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரம் பேருக்குப் பதின்மூவர். நூற்றுக்கு நாற்பது குறைவு என்னும்போது, நூறு பேரில் நாற்பது பேர் காப்பாற்றப்பட்டனர் என்று எண்ணிவிடலாகாது. முன்னரே சிறியதாயுள்ள வாய்ப்பு மேலும் சிறிது சுருங்குகின்றது, அவ்வளவே.

மகனீசியமோ, அதனோடு வந்த துணையோ?

வாசகர்கள் இங்கே நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பலாம். மகனீசியம் மிகுந்த உணவை உண்பவர் யார்? தவிடு நீக்காத தானியமும் பயறும் கீரையும் உண்பவர். அந்த உணவிலே நார்ப்பொருளும் போலிக் அமிலமும் வேறு பல நற்பொருள்களும் கூடவே வருகின்றன. இவ்வாறு உண்பவர் பெரும்பாலும் புகைத்தல், குடித்தல் குறைந்தவராகவும் உடலுழைப்பு உள்ளவராகவும் இருத்தல் கூடும். நன்மை செய்தது மகனீசியமா, அதனோடு வந்த துணைவர்களா என்பதைக் கணிதத்தால் ஓரளவு பிரிக்கலாமேயன்றி முற்றாகப் பிரிக்க முடியாது.

இதை முடிவு செய்வதற்கு ஒரு சாராருக்கு மகனீசியக் குளிசையும் மற்றொரு சாராருக்கு வெறுங்குளிசையும் கொடுத்துப் பல ஆண்டுகள் பார்த்திருத்தல் வேண்டும். அவ்வாறு பார்த்து, குளிசையினால் புற்றுநோய் வராமல் தடுக்கப்பட்டது என்று இதுவரை நிலைநாட்டப்படவில்லை. உணவில் உள்ள மகனீசியத்துக்குச் சாதகமாக நல்ல சான்று உண்டு. போத்தலில் உள்ள மகனீசியத்துக்கு அத்தகைய சான்று இல்லை. இந்த வேறுபாட்டை மறத்தலே எல்லா மயக்கத்துக்கும் வித்தாகும்.

மேலும், புற்றுநோய் தோன்றுமுன் உள்ள நிலை வேறு, தோன்றியபின் உள்ள நிலை வேறு. புற்றுநோய்க் கலமும் பெருகுவதற்கு மகனீசியத்தை வேண்டி நிற்கின்றது. 2004ஆம் ஆண்டில் எலிகளில் நடத்திய ஆராய்ச்சியொன்றிலே, மகனீசியம் குறைந்த எலிகளில் முதலில் வைத்த கட்டி மெதுவாகவே வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்கு நோய் பரவுதலோ கூடியது. குறைத்தாலும் தீங்கு, கூட்டினாலும் ஐயம் என்னும் நிலையிலே வீட்டிலிருந்தபடி எவரும் முடிவு செய்தல் தகாது.

எமது கிணற்று நீர்

யாழ்ப்பாணத்தில் வாழும் எமக்கு மகனீசியம் உணவினால் மாத்திரம் வருவதன்று. எமது குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் அக்கல்லினூடே இறங்கிக் கிணற்றில் ஊறும்போது கல்சியத்தையும் ஓரளவு மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகின்றது. சவர்க்காரம் எளிதில் நுரையாமலும், கேத்தலின் அடியிலே வெண்படிவு கட்டியும் இருப்பது இதனாலேயே. கடலை அடுத்த ஊர்களிலே வரம்பின்றி நீரை இறைத்தால் உவர்நீர் உட்புகும். அதனோடு மகனீசியமும் ஏறும். உவர்நீரை அதற்காக மருந்தென்று கொள்ளலாகாது. உப்பு மிகுந்த நீர் குருதி அழுத்தமுள்ளோருக்கு ஆகாது.

தாய்வான் நாட்டிலே 1998இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று எமது நிலைமைக்கு மிக அண்மையானது. குடிநீரில் நைத்திரேற்று மிகுந்த இடங்களில் இரைப்பைப் புற்றுநோயால் இறப்போர் தொகை கூடுதலாகவும், கல்சியம் மிகுந்த இடங்களிற் குறைவாகவும் இருந்ததென அது கூறிற்று. மகனீசியம் மிக மிகுந்த இடங்களிலும் அந்நன்மை காணப்பட்டது. எமது கிணறுகளிலோ நல்லதும் தீயதும் ஒருங்கே கலந்துள்ளன. புகையிலை, வெங்காயம், மிளகாய் முதலிய பயிர்களுக்கு இடும் உரமும், வீடுதோறும் உள்ள மலகூடக் குழிகளும் நைத்திரேற்றை நிலத்தடி நீரிலே சேர்க்கின்றன. குடாநாட்டின் தோட்டப் பகுதிகள் பலவற்றிலே நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியதாகக் கண்டறியப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்து நீரின் நைத்திரேற்றையும் புற்றுநோயையும் இணைத்துப் புவியிரசாயன அறிஞர்கள் 1980களிலேயே எச்சரித்து எழுதினர். காரணம் இதுவே என்று அதன்பின் எவரும் முடிவுகட்டிவிடவில்லை. எனினும் எச்சரிக்கை எச்சரிக்கையே.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதனால் அதன் செறிவு கூடவும் செய்யும். ஆகவே தோட்டத்தை அடுத்துக் கிணறு வைத்திருப்போர் நீரை ஒருமுறை சோதிப்பித்து அறிந்துகொள்ளுதல், போத்தற் குளிசை வாங்குவதினும் பயனுள்ள செலவாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது மிகவும் அவசியம்.

அடுக்களையைத் திறந்து பார்ப்போம்

இனி உணவுக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மில்லிகிராமும், பெண் ஒருவருக்கு 310 முதல் 320 மில்லிகிராமும் மகனீசியம் வேண்டும். இதனை எங்கிருந்து பெறலாம்?

நூறு கிராம் குரக்கனில் 140 மில்லிகிராம் அளவும், பச்சைப்பயற்றில் 190 அளவும், நிலக்கடலையில் 170 அளவும், எள்ளில் 350 அளவும் மகனீசியம் உண்டு. உழுந்தும் இவ்வரிசையிற் பின்தங்கியதன்று. தவிடு நீக்காத அரிசியில் நூறு கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். அதே அரிசியை ஆலையிலே வெள்ளை வெளேரெனத் தீட்டியபின் மிஞ்சுவது 25 அளவே. முழுக்கோதுமை மாவில் 130க்கு மேல். நாம் பிட்டுக்கும் பாணுக்கும் பயன்படுத்தும் வெள்ளைக் கோதுமை மாவில் 22 அளவே. தீட்டுந்தோறும் நிறம் வெளுக்கின்றது, சத்தும் வெளியேறுகின்றது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளிலே குரக்கன் மா 60 கிராம், தவிட்டரிசி 150 கிராம், பயறு 40 கிராம், எள்ளு 15 கிராம், கீரை ஒரு பிடி என்று ஒருவர் உண்டால் 400 மில்லிகிராம் எளிதிற் கிடைத்துவிடும். அதற்கு மாறாகக் காலையிற் பாணும், நண்பகலில் வெள்ளைச் சோறும், இரவிற் கோதுமை மாப் பிட்டும், தொட்டுக்கொள்ளச் சிறிது கிழங்குக் கறியுமாக உண்டால், வயிறு நிறையும். மகனீசியமோ 150 எட்டுவதும் அரிதாகும். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியிலே மிகக் குறைய உண்டவர்களின் எல்லைக்கும் மிக அதிகம் உண்டவர்களின் எல்லைக்கும் இடையிலிருந்த வேறுபாடு வெறும் 46 மில்லிகிராம். அது 25 கிராம் பயற்றிலே, அஃதாவது ஒரு சிறு கைப்பிடியிலே, அடங்கிவிடுகின்றது.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது எமது முதுமொழி. செக்காட்டும் வாணியனிடம் நல்லெண்ணெய் வாங்கி உண்டால் நோயில்லை என்பது அதன் கருத்து. நல்லெண்ணெய் நல்லதே; ஆயினும் எள்ளில் உள்ள மகனீசியம் எண்ணெயோடு வருவதன்று. அது பிண்ணாக்கிலே தங்கி மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகின்றது. மகனீசியம் வேண்டுவோர் எள்ளுருண்டையாகவோ, எள்ளுப்பாகாகவோ, எள்ளை வறுத்து இடித்த பொடியாகவோ முழுதாக உண்ணுதல் வேண்டும். பெண்பிள்ளைகள் பருவமெய்தியபோது உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்த எமது பாட்டிமார் இரசாயனம் படித்தவரல்லர். ஆனால் எதை எப்போது கொடுப்பதென்று அறிந்திருந்தனர்.

தானியத்திலும் பயற்றிலும் உள்ள பைற்றிக் அமிலம் மகனீசியத்தைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேரவிடாமற் செய்யும் என்பர். உண்மையே. ஆனால் பயற்றை ஊறவைத்து முளைகட்டினாலும், உழுந்தையும் அரிசியையும் அரைத்துப் புளிக்கவைத்துத் தோசை வார்த்தாலும் அந்த அமிலம் குறைந்துவிடுகின்றது. பழைய வழக்கங்கள் இங்கும் அறிவோடு ஒத்தே நடக்கின்றன.

கீரை வகைகளில் முருங்கையிலை, முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை என்று வேலியோரத்திலும் சந்தையிலும் கிடைப்பவை எத்தனையோ! அவித்த நீரை வடித்து ஊற்றிவிட்டால் மகனீசியத்திலும் ஒரு பகுதி அந்நீரோடு போகும். வறையாகவோ கடையலாகவோ, நீர் வீணாகாதபடி ஆக்குதல் நன்று.

குளிசை யாருக்கு, யாருக்கு ஆகாது?

குளிசையே தேவையில்லை என்று நாம் கூறவில்லை. நீரிழிவு உள்ளவர் சிறுநீரோடு மகனீசியத்தை இழக்கின்றனர். சிறுநீர் பெருக்கும் மருந்துகளில் சிலவும், மதுவும், நாட்பட்ட வயிற்றோட்டமும் அதனைக் குறைக்கும். நெஞ்செரிவுக்கு உண்ணும் ஒமிப்பிரசோல் முதலிய குளிசைகளை ஆண்டுக்கணக்காக எடுப்பவருக்கு மகனீசியம் குறையக்கூடுமென அமெரிக்க மருந்து ஆணையம் 2011ஆம் ஆண்டில் எச்சரித்தது. இத்தகையோருக்கு வைத்தியர் சோதித்துப் பார்த்துக் குளிசை கொடுப்பார்.

தாமாக வாங்கி உண்போர் அறிய வேண்டுவன வேறு. குளிசையாக உண்ணும் மகனீசியத்துக்கு நாளொன்றுக்கு 350 மில்லிகிராம் என்பது அமெரிக்க நிபுணர் வகுத்த மேலெல்லை. மிஞ்சினால் வயிற்றோட்டம் உண்டாகும், பேதியுப்பின் இனமன்றோ! சில கிருமிகொல்லி மருந்துகளையும் தைரொயிட்டுக் குளிசையையும் உடம்பிற் சேராமல் அது தடுக்கும். எல்லாவற்றிலும் கொடியது சிறுநீரகம் பழுதுற்றோருக்கு வரும் தீங்காகும். மிகுதியான மகனீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகமே. அது தளர்ந்தவரிடத்தே மகனீசியம் குருதியில் தேங்கித் தசை தளர்ந்து, குருதி அழுத்தம் வீழ்ந்து, இதயத் துடிப்பும் தடுமாறும்.

புற்றுநோய்ச் சிகிச்சையிலோ நிலைமை இருபுறமும் கூரான கத்தி போன்றது. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தின் வழியே மகனீசியத்தைப் பெருமளவு வெளியேற்றிவிடும். குடற் புற்றுநோய்க்கு ஏற்றும் செற்றுக்சிமாப் என்னும் மருந்தும் அத்தகையதே. அப்போது வைத்தியரே நரம்பு வழியாக மகனீசியம் ஏற்றுவதுமுண்டு. அதே சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பழுதாக்கவும் வல்லது. அந்நிலையில் குளிசை நஞ்சாகும். இருவரும் ஒரே நோயாளர். ஒருவருக்கு வேண்டியது மற்றவருக்கு ஆகாது. இதனைக் குருதிச் சோதனையே சொல்லும், கைத்தொலைபேசி சொல்லாது.

பெரிய கதவைத் திறந்துவிட்டுச் சிறிய சன்னலைப் பூட்டுவதா?

மகனீசியத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் வாயில் வெற்றிலையோடு பேசுவதை நாம் கண்டதுண்டு. இலங்கை ஆண்களிடத்தே முதன்மையாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமன்றி, பாக்குத் தானும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. பதப்படுத்திய இறைச்சியையும் 2015இல் அவ்வரிசையிற் சேர்த்தது. சுருட்டையும் சாராயத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றை விடாமல் மகனீசியம் உண்ணுதல், முன்வாசற் பெருங்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பின்புறச் சன்னலுக்குப் பூட்டுப் போடுவதை ஒக்கும்.

ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் தடை, மலத்திலே இரத்தம், மலங்கழிக்கும் வழக்கத்தில் வாரக்கணக்காக மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய இவற்றைக் கண்டால் மூலநோய் என்றும் வாய்வு என்றும் சொல்லி நாட்கடத்தலாகாது. நாணத்தினாலே மறைத்துக் காலந்தாழ்த்துவோர் எம்மிடையே பலர். பெண்களிடத்தே இது மிகுதி. தொடக்கத்திலே கண்டால் குடற் புற்றுநோய் பெரும்பாலும் குணமாக்கத்தக்கது.

முன்னர்ப் போலக் கொழும்புக்கு ஓடவேண்டிய நிலையும் இப்போது இல்லை. 2011ஆம் ஆண்டிலே தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வல்வெட்டித்துறைக்கு அயலிலுள்ள பருத்தித்துறை முனைவரை 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து பொதுமக்கள் திரட்டிய நிதியினாலே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் பிறர் எமக்காக நடந்திருக்க, நாம் எமது வீட்டிலிருந்து தெல்லிப்பழை வரை செல்லத் தயங்குவது முறையாகுமா?

போத்தலின் கதை

வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், இவ்வூர் மாலுமிகளோடு கடல்கள் பல கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை யாவரும் அறிவர். உணவளிக்கும் தேவியின் பெயரைத் தாங்கி இங்கிருந்து கப்பல் அங்கே சென்றது. இன்று அந்தத் திசையிலிருந்து குளிசைப் போத்தல்கள் இங்கே வருகின்றன. அனுப்பும் பிள்ளைகளின் அன்பை நாம் குறைகூறவில்லை. தாய் அங்கே அனுப்பிய எள்ளுருண்டையில் இருந்த மகனீசியத்தையே மகன் போத்தலில் அடைத்துத் திருப்பி அனுப்புகின்றான் என்று அறிந்தால் இருவரும் நகைப்பார்கள்.

மாசி மாதத்திலே அந்த அம்மையாரை மீண்டும் கண்டோம். எமது சொற்படி போத்தலைத் தமையனாரின் வைத்தியரிடம் கொண்டுசென்று காட்டினாராம். தமையனார் இருபது வருட நீரிழிவுக்காரர். சோதித்தபோது சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரிந்தது. "இதை இவருக்குக் கொடுக்கவே வேண்டாம்" என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். குரக்கனையும் கீரையையுங்கூட அவருக்கு எவ்வளவு கொடுக்கலாமென அளவு எழுதிக் கொடுத்திருக்கின்றார். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நல்ல உணவும் அளவோடு கூடியதே.

"கேளாமல் குடுத்திருந்தால் நானே என்ரை அண்ணையைக் கெடுத்திருப்பன்" என்று சொல்லும்போது அம்மையாரின் குரல் தழுதழுத்தது. பின்னர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையளுக்கு இப்ப இரவிலை குரக்கன் பிட்டுத்தான் அவிக்கிறன். முதலிலை முகத்தைச் சுளிச்சினம். தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் போட்டுக் குடுத்தன், இப்ப இன்னும் கேட்கினம்" என்றார்.

போத்தல் அலுமாரியிலே திறவாமல் இருக்கின்றது. அடுப்பின்மேல் நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. எம்மையும் உண்டு செல்லுமாறு அம்மையார் வற்புறுத்த, நாமும் மறுக்கவில்லை.